முற்றத்தில் 34, திரையில் 31: வானிலைப் பாடம் குறித்து ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

பள்ளி முற்றத்து வெப்பமானி 34 டிகிரி காட்டுகிறது. அதே நேரத்தில் ஆசிரியரின் கைப்பேசிச் செயலி 31 என்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று "எது சார் சரி?" என்று கேட்கிறது. "செயலிதான் சரி, நம்ம வெப்பமானி மட்டம்" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டால், அந்த ஆண்டு வானிலைப் பாடத்தில் கிடைக்கக்கூடிய மிக நல்ல கேள்வி வீணாகிவிட்டது என்று பொருள். இணையத்தை வைத்து வானிலை கற்பிப்பது பற்றி நாங்கள் சொல்ல வருவது எல்லாம் அந்த 3 டிகிரி வித்தியாசத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை தானே அளந்த ஓர் எண் கையில் இல்லாதவரை, திரையில் தெரியும் எந்த வரைபடமும் அதற்கு வெறும் வண்ணப்படம்தான்.

முதலில் அந்த 31 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கைப்பேசி காற்றை அளந்து சொல்வதாகப் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும்தான். பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிக்காற்றை அளக்கும் வெப்ப உணரியே கிடையாது. பேட்டரி சூடாகிறதா என்று கண்காணிக்கும் உணரிதான் உள்ளே இருக்கிறது. செயலியில் வரும் எண் ஒரு கணினி மாதிரியின் கணக்கு. அந்த மாதிரி பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் தருகிறது. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர். பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் அமெரிக்க மாதிரியின் தரவு கால் டிகிரி இடைவெளியில், அதாவது நிலநடுக்கோட்டில் சுமார் 28 கிலோமீட்டருக்கு ஒன்று என்று வெளியாகிறது. அந்தச் சதுரத்துக்குள் குன்று, ஏரி, தார்ச்சாலை, உங்கள் பள்ளி எல்லாம் அடக்கம். சில செயலிகள் அருகிலுள்ள நிலையத்தின் அளவை வைத்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. எப்படியானாலும் 31 என்பது, திறந்த வெளியில், நிழலில், தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு சூடாக இருக்கும் என்ற கேள்விக்கான விடை. உங்கள் 34 வேறொரு கேள்விக்கான விடை. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

அந்த வேறு கேள்வி என்ன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாளுக்கு ஒன்றாக 4 நாள் வேலை. முதல் நாள் வெயிலில் 10 நிமிடம், நிழலில் 10 நிமிடம் வைத்து வாசிக்கவும். வெயிலில் வைத்த வெப்பமானி தன் சொந்த உடம்பின் சூட்டைத்தான் காட்டும்; காற்றுடையதை அல்ல. இரண்டாம் நாள், நிழலிலேயே சுவரில் ஒட்டி ஒரு முறை, சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு முறை. மூன்றாம் நாள், தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்திலும் 1.25 மீட்டர் உயரத்திலும். நான்காம் நாள், செயலியின் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் "புதுப்பிக்கப்பட்ட நேரம்" என்ன என்று பார்க்கவும். காலை 10 மணிக்கு வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும் வேளையில் முக்கால் மணி நேரப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். இந்த நாலையும் முடித்த பிறகு இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும். சுருங்கவில்லையா, வெப்பமானியைச் சோதியுங்கள். நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, குமிழ் முழுதும் மூழ்கும்படி 5 நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால், "1.5 கழிக்கவும்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம். பிழை எவ்வளவு என்று தெரிந்த கருவி, தெரியாத கருவியைவிட மேல்.

வாங்கும்போது பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் ஆபத்து. சிவப்புச் சாயமிட்ட ஆல்கஹால் வெப்பமானி போதும். அதில் வரும் தொல்லை ஒன்றுதான்: அனுப்பும் வழியில் குலுங்கி, சிவப்புக் கோடு நடுவில் அறுந்து தனித்துண்டாக மேலே நிற்கும். குமிழ் கீழிருக்கும்படி பிடித்து, காய்ச்சல்மானியை உதறுவது போல் மெல்ல உதறினால் சேர்ந்துவிடும். சேராத வெப்பமானி எப்போதும் தவறாகவே காட்டும். வாசிக்கும்போது கண், கோட்டின் நுனிக்கு நேர்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்தாலோ கீழிருந்து அண்ணாந்து பார்த்தாலோ 1 டிகிரி வரை பிசகும். உலக வானிலை அமைப்பு வெப்பமானிக்குச் சொல்லும் உயரம் 1.25 முதல் 2 மீட்டர். அதன் கீழ் எல்லை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது நமக்கு வசதி. வாசிக்கப் போகும் பிள்ளை மூச்சு படுமளவு நெருங்கி நின்று யோசித்துக்கொண்டிருந்தால் எண் ஏறிவிடும். பார், சொல், விலகு.

நிலையங்களில் வெப்பமானியை வைக்கும் வெள்ளைப் பலகணிப் பெட்டியை 1860களில் வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர். பள்ளியில் அதைச் செய்யப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஓர் அட்டைப்பெட்டிக்கு வெள்ளையடித்து மூடிவிடுவது. காற்றுப் புகாத பெட்டி அடுப்பாகிவிடும். முதல் மழையில் ஊறியும் போகும். சாய்வுச் சட்டங்கள் வைத்துச் செய்ய முடியாவிட்டால், நாள் முழுக்க வெயில் படாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் சுவரைத் தொடாமல் தொங்கவிடுவதே மேல். வெப்பமண்டல நாடுகளில் ஆண்டின் சில மாதங்கள் வடக்குச் சுவரிலும் வெயில் விழும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மழைமானிக்கு நேர்ச்சுவருள்ள பிளாஸ்டிக் குப்பி ஒன்று போதும். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். குப்பியின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை 0 என்று குறியுங்கள். கல் போடுவதால் காற்றில் சாயாமலும் நிற்கும். அளவுகோலை மில்லிமீட்டரில் ஒட்டுங்கள். புனலின் வாயும் குப்பியின் உடலும் ஒரே விட்டமாக இருப்பதால் நீரின் உயரமே மழையின் அளவு. கணக்கு எதுவும் தேவையில்லை. அகலப் புனலைக் குறுகிய குழாயில் வைத்துவிட்டுப் பலர் 60 மில்லிமீட்டர் மழை என்று எழுதுகிறார்கள். விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அந்த 60 உண்மையில் 15. வைக்கும் இடமும் முக்கியம்: மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இருமடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பதை, தரையில் சுண்ணக்கட்டியால் சதுரம் போட்டுக் காட்டினால் இரண்டாம் வகுப்பும் புரிந்துகொள்ளும்.

மழைப்பதிவில் பிள்ளைகளைவிட ஆசிரியர்கள் அதிகம் தவறுவது தேதியில். காலை ஒன்பது மணிக்கு வாசிக்கும் அளவு, நேற்று ஒன்பதிலிருந்து இன்று ஒன்பது வரை பெய்தது. செயலியோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கு வைத்திருக்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மழை ஒரு நாள் தள்ளிப் பெய்தது போல் தெரியும். நாளின் உச்ச, தாழ் வெப்பத்தைப் பிடித்துவைத்துக் காட்டும் வெப்பமானியிலும் இதே சிக்கல்தான்: காலையில் வாசிக்கும் உச்சம் நேற்றுப் பிற்பகலுடையது, தாழ்நிலை பெரும்பாலும் இன்று விடியலுடையது. வாசித்ததும் மீட்டமைக்க மறந்தால் திங்கட்கிழமை உச்சமே வெள்ளிவரை உட்கார்ந்திருக்கும். விடுமுறை கழித்துத் திங்களன்று குப்பியில் 18 மில்லிமீட்டர் இருந்தால் அதை மூன்றால் வகுத்து நாளுக்கு 6 என்று எழுதாதீர்கள். "3 நாள் மொத்தம் 18" என்றுதான் எழுத வேண்டும்.

இனி இணையத்துக்கு வருவோம். காற்றழுத்தத்திலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் பாடநூல்கள் பல ஆண்டுகளாகத் தவறு செய்துவரும் இடம் இது. கண்ணாடிக் குடுவையின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே உறிஞ்சுகுழலை ஒட்டி, அதைக் காற்றழுத்தமானி என்று சொல்கிறோம். குழல் ஏறும், இறங்கும், பிள்ளைகள் கைதட்டும். ஆனால் குடுவைக்குள் அடைபட்ட காற்று 3 டிகிரி சூடானாலே உள்ளழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏற முனையும். வெப்பமண்டலத்தில் சாதாரண நாளொன்றில் வெளியழுத்தம் மாறுவதே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுதான். ஆக நாம் செய்தது ஒரு மோசமான வெப்பமானி. குடுவை மேல் வெயில் பட்டால் "புயல்" வரும். இந்தச் செய்முறையை வெப்பத்தால் காற்று விரிவதைக் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தத்துக்கு வேண்டாம்.

அதற்குப் பதில், அருகிலுள்ள வானிலை நிலையம் அல்லது விமான நிலையத்தின் அழுத்த அளவுகளை இணையத்திலிருந்து மணிக்கு ஒன்றாக எடுத்து, 3 நாளுக்குக் கட்டத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வெப்பமண்டலத்தில் இருந்தால் ஓர் அதிசயம் தாளில் தானாக எழும்: நாளுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். காலை பத்தை ஒட்டியும் இரவு பத்தை ஒட்டியும் உச்சம். விடிகாலை நான்கிலும் மாலை நான்கிலும் தாழ்வு. கடலுக்கு இருப்பது போல் காற்றுக்கும் ஓர் அலையேற்றம். நிலா இழுப்பதால் அல்ல, வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் வருவது. இரவு பத்து மணிக்கும் விடிகாலை நான்குக்கும் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதில்லை. இந்த இடத்தில் இணையம் இல்லாமல் முடியாது. இணையத்தை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு எங்களிடம் உள்ள உரைகல்லும் இதுவே: பிள்ளையின் கண்ணும் கையும் எட்டாத இடத்துக்கு மட்டும்.

சில கைப்பேசிகளில் அழுத்த உணரி உண்டு. தரைத்தளத்தில் ஒரு முறை, மூன்றாம் மாடியில் ஒரு முறை வாசித்தால் 1 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைந்திருக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் 8 முதல் 9 மீட்டர் ஏறினால் 1 குறையும். ஆனால் அந்த எண்ணைச் செயலியின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். கைப்பேசி காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தின் அழுத்தம். செயலி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது. 900 மீட்டர் உயரத்திலுள்ள பள்ளியில் இரண்டுக்கும் ஏறத்தாழ 100 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் இடம் இது.

செயற்கைக்கோள் படம்தான் வகுப்பில் எடுபடும் விருந்து. அதனாலேயே அதில் தவறும் அதிகம். சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள்களான ஹிமாவாரி, மீட்டியோசாட், கோஸ், இன்சாட் ஆகியவற்றில் உங்கள் பகுதியைப் பார்ப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு முறை தன் முழு அரைக்கோளத்தையும் படமெடுக்கிறது. ஒரு வேலை செய்து பாருங்கள். முற்பகலில் தலைக்கு மேல் கருத்துத் திரண்ட மேகம் வந்ததும் எல்லோரும் அதை வரைந்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அரை மணி கழித்து, அந்த நேரத்துக்குரிய கண்ணுறு ஒளிப் படத்தை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை, திறந்து காட்டுங்கள். பிள்ளைகள் கருப்பைத் தேடுவார்கள். ஊருக்கு மேலே இருப்பது படத்திலேயே பளிச்சென்ற வெள்ளை. மேலிருந்து பார்ப்பவருக்கு வெயில் பட்ட முதுகு தெரிகிறது. கீழிருக்கும் நமக்கு வெளிச்சம் ஊடுருவ முடியாத வயிறு தெரிகிறது. மேகம் தடித்திருப்பதுதான் இரண்டுக்கும் காரணம். இதை விளக்கிச் சொல்வதற்கு முன் இரண்டு நிமிடம் அவர்களைச் சண்டை போட விடுங்கள்.

படத்தில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம் (UTC). உங்கள் கடிகாரத்துக்கு எத்தனை மணி கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்று கரும்பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பகல் மேகத்தை விடிகாலைப் படத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். மாலைக்கு மேல் கண்ணுறு ஒளிப் படம் இருண்டுவிடும். அப்போது கிடைப்பது, வெப்பக் கதிரை வைத்து எடுக்கும் அகச்சிவப்புப் படம். அதில் வெள்ளை என்றால் குளிர்ச்சி, அதாவது உயரம். மழைக்கே வராத மெல்லிய கீற்று மேகம் அதில் வெள்ளையாகத் தெரியும். நாள் முழுக்கத் தூறும் தாழ்ந்த படை மேகம் மங்கிய சாம்பலாகத் தெரியும். அடுத்து நிறம். பல தளங்கள் அகச்சிவப்புப் படத்தில் மிகக் குளிர்ந்த மேக உச்சிக்குச் சிவப்பு பூசுகின்றன. வெப்ப வரைபடத்தில் சிவப்பு என்றால் சூடு. ரேடார் படத்தில் சிவப்பு என்றால் கனமழை. ஒரே நிறம், மூன்று பொருள். அதனால் எந்த வரைபடத்தைத் திறந்தாலும், நிறங்களின் பொருளைச் சொல்லும் ஓரத்துப் பட்டையைப் பிள்ளை ஒன்று எழுந்து உரக்கப் படித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் நாள்வாரியான படங்களை 2000ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த நாளில் தன் ஊர் வானம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம் என்று சொன்னால் வகுப்பை அடக்குவது கஷ்டம். இரண்டு கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி கருப்புப் பட்டைகள் தெரியும். அவை ஓட்டையல்ல, அன்றைய சுற்றில் செயற்கைக்கோள் பார்க்காமல் விட்ட இடைவெளி. கடலில் மேகம் போல் வெளுத்த பட்டை தெரிந்தால், அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில்.

காற்று நகர்வதைக் கோடுகளாக ஓடவிட்டுக் காட்டும் தளங்கள் அழகானவை. எர்த் நல்ஸ்கூல், விண்டி போன்றவை. அசைகிறது என்பதற்காக நேரலை என்று நினைக்க வேண்டாம். நாளுக்குச் சில முறை மட்டும் ஓடும் கணினி மாதிரியின் கணக்குக்குப் பூட்டிய அசைவு அது. இன்னொரு குழப்பம்: நம் காற்றுத்திசைகாட்டியின் அம்பு, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பி நிற்கும், திரையின் கோடுகள் காற்று போகும் பக்கம் ஓடும். "மேற்குக் காற்று" என்றால் மேற்கிலிருந்து வருவது என்பதைச் சொன்னால் மட்டும் போதாது. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நின்று, முகம் பார்க்கும் திசையைச் சொல்லச் சொல்லுங்கள். வேகத்துக்குக் காகிதக் கோப்பைக் கருவி செய்வதில் நேரம் போக்க வேண்டாம். அதன் சுற்றுகளை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றப் பள்ளியில் வழியில்லை. காற்று எதை அசைக்கிறது என்று பார்த்து எண் கொடுக்கும் பியூஃபோர்ட் அளவை போதும். முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் 2. இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடினால் 3. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4.

ரேடார் படத்தில் ஊருக்கு மேல் மழை தெரிகிறது, வெளியே ஒரு சொட்டு இல்லை. காரணம் எளிது. ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்துகொண்டே போகிறது. 200 கிலோமீட்டர் தொலைவில் கதிர் தரைக்கு மேலே 4 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அங்கே தெரியும் துளிகள் கீழே வருமுன் உலர்ந்துபோகலாம், காற்றில் தள்ளியும் போகலாம்.

முன்னறிவிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்ட, 1922இல் ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கண்ட கனவைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். உலக வானிலையைக் கையால் கணக்கிட 64,000 பேர் உட்கார்ந்த ஒரு மண்டபத்தை அவர் கற்பனை செய்தார். நமக்கு 25 பிள்ளைகள் போதும். தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒருவரை நிறுத்தி, ஆளுக்கு ஒரு வெப்ப எண் கொடுங்கள். மேற்குக் காற்று வீசுகிறது என்று வைத்து, கைதட்டும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தன் மேற்குப் பக்கத்தவரின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுப்பதற்கு முன் எல்லோரும் தம் எண்ணைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் ஒருவர் மாறியதும் அடுத்தவர் புதிய எண்ணை எடுத்துவிடுவார், கணக்கு கெடும். இரண்டு தட்டிலேயே மேற்கு ஓரத்தில் நிற்கும் ஐந்து பேர் கத்துவார்கள்: "எங்களுக்கு யார் சார் எண் தருவாங்க?" நாளை நம் ஊர் வானிலையைச் சொல்ல இன்று அடுத்த ஊரின், அடுத்த நாட்டின் அளவு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் முன்னறிவிப்புப் போட்டி நடத்துங்கள். மூன்று போட்டியாளர்கள்: வகுப்பு, செயலி, "நாளையும் இன்று போலவே" என்று மட்டும் எப்போதும் சொல்லும் சோம்பேறி. கேள்வி ஒன்றே: அடுத்த 24 மணி நேரத்தில் நம் மழைமானியில் 1 மில்லிமீட்டராவது விழுமா? எவ்வளவு விழுந்தால் மழை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யாவிட்டால் நாலு தூறலுக்குத் தகராறு வரும். ஒரு மாதம் மதிப்பெண் போட்டால், வறண்ட பருவத்தில் சோம்பேறியைத் தோற்கடிப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். தொழில்முறை முன்னறிவிப்பாளர்களும் தங்கள் திறமையை இந்தச் சோம்பேறியோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். "மழை வாய்ப்பு 30 சதவீதம்" என்று சொன்ன நாளில் மழை பெய்தால் செயலி பொய் சொல்லிவிட்டது என்று பிள்ளைகள் தீர்ப்பு எழுதுவார்கள். பையில் 3 நீல மணி, 7 வெள்ளை மணி போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுவிடச் சொல்லுங்கள். நீலம் வரத்தான் செய்யும். 30 சதவீதம் என்று சொன்ன நாட்களை மட்டும் தனியே சேர்த்து, அவற்றில் எத்தனை நாள் பெய்தது என்று ஆண்டு இறுதியில் எண்ணினால்தான் செயலியை எடைபோட முடியும்.

வேறு பள்ளிகளோடு இணையத்தில் ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொள்வது நல்ல யோசனை. 1995இல் தொடங்கிய குளோப் திட்டம் இதைத்தான் உலக அளவில் செய்கிறது. அதன் செயலியில் மேகப் பதிவை அனுப்பினால், அதே நேரத்துச் செயற்கைக்கோள் கண்டதோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பவும் வழி இருக்கிறது. நீங்களே அட்டவணை தொடங்கினால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: அளக்காத நாளின் கட்டம் வெற்றாக இருக்க வேண்டும். அங்கே 0 போடக் கூடாது. மழைப் பத்தியில் 0 என்றால் "பார்த்தோம், பெய்யவில்லை" என்று பொருள். வெற்றுக் கட்டம் என்றால் "பார்க்கவில்லை". இரண்டும் கலந்துவிட்டால் அந்த மாதத்தின் கூட்டல், சராசரி எதற்கும் பயனில்லை. வாசித்த நேரத்துக்குத் தனிப் பத்தி, குறிப்புக்குத் தனிப் பத்தி வையுங்கள். எண் கட்டத்துக்குள் "34 டிகிரி, கொஞ்சம் மேகம்" என்று எழுதினால் கணினி அதைக் கூட்டாது. மேக அளவை எட்டில் எத்தனை பங்கு என்று எழுதுவது வழக்கம். வானத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால்பகுதிக்கும் 0, 1, 2 என்று கொடுத்துக் கூட்டினால் போதும். அடிவானத்தை ஒட்டிய மேகங்களின் பக்கவாட்டையும் சேர்த்துப் பார்ப்பதால் அளவு கூடுதலாகத் தோன்றும் என்று சொல்லி வையுங்கள்.

அட்டவணையில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம். மேகப் படத்தில் முகம் வேண்டாம். பள்ளியின் இருப்பிடத்தைப் பாகைக்கு இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் அளவில் மங்கலாகும்; இந்த வேலைக்கு அது போதும். கணக்கு தொடங்க வேண்டியிருந்தால் ஆசிரியர் பெயரில் மட்டும். மேகம் பார்க்கும்போது கட்டட நிழலில், சூரியன் மறையும்படி நில்லுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் வானத்தைப் பார்க்கும் செய்முறை வேண்டாம். வெயில் நேரே கண்ணில் அடிக்கும். இடி காதில் கேட்டால் மழைமானி காத்திருக்கட்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. புயல் எச்சரிக்கை என்று எது வந்தாலும், நாட்டின் அதிகாரபூர்வ வானிலைத் துறை சொன்னதா, படத்தில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

வகுப்பில் இணையம் வராது என்பது பல ஆசிரியர்களின் நியாயமான புகார். வராமலே நடத்தலாம். முந்திய நாள் காலை 6 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒன்றாக 13 படங்களைச் சேமித்து வையுங்கள். அச்சிட்டு அடுக்கி ஓரத்தில் தைத்தால், விரலால் புரட்ட மேகம் நகரும். ஒரே உருப்பெருக்கம், ஒரே சட்டம் என்று எல்லாப் படங்களும் இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் மேகத்துக்குப் பதில் கரைக்கோடு நடக்க ஆரம்பிக்கும். இந்த ஏடு, படவீழ்த்தித் திரையில் ஓடும் காணொளியைவிட ஒருவகையில் மேல். பிள்ளை வேண்டிய இடத்தில் நிறுத்தி, மேகத்தின் முனையைப் பென்சிலால் குறித்து, மணிக்கு எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலால் அளக்கும்.

பாடத்திட்டக் குழுவினருக்கு நாலு சொல். வானிலையை இரண்டு வார அலகாக வைக்காதீர்கள். அந்த இரண்டு வாரமும் வானம் சும்மா இருந்தால் பாடம் அதோடு சரி. நாளுக்கு 10 நிமிடம், ஆண்டு முழுவதும் கொடுங்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்குத் திரையே வேண்டாம்; வெயில், மேகம், மழை, காற்று என்று நான்கு குறியீடு வரைந்தால் போதும். மூன்றாம் வகுப்பில் வெப்பமானியும் மழைமானியும், முழு எண்ணில் மட்டும். தசமம் கணக்குப் பாடத்தில் வருவதற்கு முன் அறிவியல் பாடத்தில் வந்தால் இரண்டுமே சிதறும். வரைபடமும் ஒப்பீடும் நான்கிலும் ஐந்திலும். இணைய முகவரிகளைப் பாடநூலில் அச்சிடாதீர்கள். அவை புத்தகத்துக்கு முன்பே செத்துப்போகும். எதைத் தேட வேண்டும், கிடைத்த படத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அச்சிடுங்கள். முகவரிப் பட்டியல் ஆண்டுதோறும் திருத்தக்கூடிய தனித்தாளாக இருக்கட்டும். தேர்வில் "திரள் மேகம் என்றால் என்ன?" என்று கேட்பதற்குப் பதில், ஒரு வாரப் பதிவேட்டைக் கொடுத்து, எந்த நாளின் எண் சந்தேகத்துக்குரியது, ஏன் என்று கேளுங்கள். வெப்பம் 29, 30, 30, 41, 29 என்று இருக்கும் வரிசையில் நான்காவதைச் சுட்டிக்காட்டி, "அன்னைக்கு வெப்பமானி வெயில்ல இருந்திருக்கும்" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கும்படி விடைக்குறிப்பையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வானிலைக் கல்வியில் பணியாற்றுவோர்